"நம்ம ஆளுக இருப்பாங்களா?"

போடியில் விடியும் முன்பே ஏலத்தோட்ட ஜீப்புகள் மெட்டுக்குக் கிளம்பிவிடும். அதில் ஏறிப் போகும் ஒரு அக்காவின் மகன், எங்கள் மாலைப் படிப்பகத்தில் எல்லோரும் போனபின் தயங்கி நின்றான்.

"அண்ணே, பசங்கள பிடிக்கிற பசங்கள பத்திப் படம் இருக்கா? அதுல நம்ம ஆளுக இருப்பாங்களா?"

இரண்டாவது கேள்வி எங்களைச் சுட்டது. சாதியைப் பற்றி மணிக்கணக்காகப் பேசும் நாங்கள், இதைப் பற்றி அங்கே வாய் திறந்ததேயில்லை.

மூன்று படங்கள் சொன்னோம். பா. இரஞ்சித்தின் 'நட்சத்திரம் நகர்கிறது' (2022): ஆணவக்கொலையைப் பேசும் நாடகக் குழுவில் தன்பாலினக் காதலர்களும் சமமாக நிற்கிறார்கள். ரோகன் கானவடேயின் மராத்திப் படம் 'சாபர் போண்டா' (2025): அப்பாவின் சாவுக்கு ஊர் திரும்பியவனுக்கும் விவசாயி நண்பனுக்கும் இடையிலான நேசம். நீரஜ் கெய்வானின் 'கீலி புச்சி' (2021): தலித் தொழிலாளி பாரதி, தான் விரும்பும் பெண்ணிடம் சாதியை மறைக்கிறாள். உண்மை தெரிந்தபின் தேநீர் தனி டம்ளரில் வருகிறது.

இரண்டு வாரம் கழித்து வந்தான். ஒற்றை அறை வீடு. போர்வைக்குள் ஹெட்செட் மாட்டிப் பார்த்தானாம்.

"டம்ளர் சீன்ல போன ஆஃப் பண்ணிட்டேண்ணே. பிரியமா இருக்கவங்க வீட்லயுமா?"

எங்களிடம் பதில் இல்லை.

தோழர்களே, 2018-லேயே உச்ச நீதிமன்றம் இது குற்றமில்லை என்றது. ஆனால் தீர்ப்பு சேரிக்கு நடந்து வராது. நாம்தான் கொண்டுபோக வேண்டும். யாரையும் "வீட்ல சொல்லு" என்று அவசரப்படுத்தாதீர்கள். கூரை போனால் அவனுக்குப் போக்கிடம் வேண்டும்.

அடுத்த மாதம் படிப்பகத்தில் 'கீலி புச்சி' திரையிடுகிறோம். அவனும் கூட்டத்தில் ஒருவனாக உட்கார்ந்திருப்பான். யாருக்காகத் திரையிடுகிறோம் என்று சொல்லப்போவதில்லை.