டினியன்: அணுகுண்டு ஏற்றிய குழிகள்

பசிபிக் பெருங்கடலில், வட மரியானா தீவுக் கூட்டத்தில் இருக்கிறது டினியன். பரப்பு சுமார் 100 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை ஏறத்தாழ 2,000. இந்தச் சின்னஞ்சிறு தீவின் வடமுனையில் உள்ள நார்த் ஃபீல்ட், 1945இல் உலகிலேயே பெரிய விமானத் தளமாக இருந்தது.

ஜப்பானியர் ஆட்சியில் தீவெங்கும் கரும்பு விளைந்தது. இரண்டாம் உலகப் போரில், 1944 ஜூலை 24 அன்று அமெரிக்கப் படை கரையிறங்கி, ஒன்பதே நாளில் தீவைப் பிடித்தது. இங்கிருந்து டோக்கியோ சுமார் 2,400 கிலோமீட்டர். பி-29 குண்டுவீச்சு விமானம் போய்த் திரும்பக்கூடிய தூரம். தீவின் தலைவிதியை அந்தத் தூரமே எழுதியது. சீபீஸ் எனப்படும் கடற்படைக் கட்டுமான வீரர்கள் பவளப் பாறையை உடைத்து நொறுக்கி, 8,500 அடி நீளத்தில் நான்கு ஓடுபாதைகளைப் போட்டார்கள். 1945 மார்ச் 9 இரவு டோக்கியோவுக்குத் தீ வைக்கப் போன விமானங்களில் பல இங்கிருந்து கிளம்பியவை. அந்த ஓரிரவில் சுமார் ஒரு லட்சம் பேர் மாண்டார்கள்.

போர் முடிந்ததும் தளம் கைவிடப்பட்டது. சவுண்டல் மரங்கள் காடாக மண்டின. அந்தக் காட்டுக்குள் ஜப்பானியரின் விமானத் தலைமையகக் கட்டடம் இன்னமும் நிற்கிறது. சிமென்ட் பெயர்ந்து, துருப்பிடித்த கம்பிகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன.

சற்றுத் தள்ளி, அணுகுண்டுகளை விமானத்தில் ஏற்றத் தோண்டிய இரண்டு குழிகள். அணுகுண்டு ஒவ்வொன்றும் நாலு டன்னுக்கு மேல். விமானத்தின் வயிற்றுக்கும் தரைக்கும் இடையில் நுழைய முடியாத பருமன். அதனால் முதலில் குண்டைக் குழிக்குள் இறக்கி, விமானத்தைக் குழிக்கு மேலே நிறுத்தி, ஹைட்ராலிக் தூக்கியால் உயர்த்தி உள்ளே பொருத்தினார்கள். 1945 ஆகஸ்ட் 6 அதிகாலை 2.45க்கு எனோலா கே என்ற விமானம் இங்கிருந்து எழும்பி ஹிரோஷிமாவுக்குப் போனது. ஆகஸ்ட் 9 அன்று பாக்ஸ்கார் என்ற விமானம் நாகசாகிக்குப் போனது. அந்த ஆண்டு முடிவதற்குள் இரண்டு நகரங்களிலுமாகச் சுமார் இரண்டு லட்சம் பேர் இறந்தார்கள். மண் நிரப்பி மூடப்பட்டிருந்த குழிகள் 2004இல் மீண்டும் திறக்கப்பட்டு, மேலே கண்ணாடிக் கூரை போடப்பட்டது. இப்போது யாரும் குனிந்து உள்ளே பார்க்கலாம்.

1985இல் அமெரிக்க அரசு இத்தளத்தைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. இப்போது அதே அரசின் விமானப்படை, போர் வந்தால் பயன்படும் என்று காட்டை வெட்டி ஓடுபாதைகளைச் சீரமைக்கிறது. பாதுகாப்புக்கு ஓடுபாதை தேவை என்பது அவர்கள் வாதம். ஆனால், எந்திரங்கள் வேலை செய்யும்போது ஜப்பானியக் கட்டடங்களுக்கும் குழிகளுக்கும் சிறு சேதமும் வரக்கூடாது. பார்க்க வருகிறவர்களுக்கு வழி அடைபடவும் கூடாது. ஒரு போர் எதுவரை போகும் என்பதற்கு இவ்வளவு நேரடியான சாட்சி உலகில் வேறு அதிகம் இல்லை. அங்கிருந்து இனி விமானம் ஓட்டப் போகும் ஒவ்வொருவரும் முதலில் அந்தக் குழிகளைப் பார்த்துவிட்டுக் கிளம்பட்டும்.