பணத்தை யூதாசும் திருப்பிக் கொடுத்தான்

பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருந்த என் கட்சிக்காரர் ஓசூர்ப் பக்கத்துக்காரர். வரவு செலவு, வசூல் எல்லாம் சூப்பர்வைசர் கையில். இருவருக்கும் ஒரே சபை. முதலாளியை அவன் "அண்ணே" என்றுதான் கூப்பிடுவான். பார்ட்டிகள் கொடுத்த பணம் கணக்கில் ஏறாமல் போனது வெகுகாலம் யார் கண்ணிலும் படவில்லை. தெரிந்ததும் புகார் போனது. ஆனேக்கல் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரிகை தாக்கலானது. அன்றைய இந்திய தண்டனைச் சட்டம் 408: ஊழியர் செய்யும் நம்பிக்கை மோசடி, ஏழாண்டு வரை சிறை.

சில வாய்தாக்கள் கழித்து எதிர்த்தரப்பு வக்கீல் முழுத் தொகைக்கும் டிடியோடு வந்தார். இது சமரசத்துக்குரிய குற்றம்தான். பணத்துக்குரியவர் சம்மதித்து நீதிமன்றமும் அனுமதித்தால் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 320-இன்படி வழக்கு முடியும். எதிரி விடுதலையானதாகவே கணக்கு. இன்று அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பிஎன்எஸ்எஸ்) 359.

கட்சிக்காரர் டிடியைத் தொடவில்லை. "பணத்தை யூதாசும்தான் சார் திருப்பிக் கொடுத்தான். யார்கிட்ட? ஆசாரியர்கள்கிட்ட. தான் காட்டிக்கொடுத்த இயேசுகிட்ட போகவே இல்லை. பேதுரு மூணு தடவை மறுதலிச்சவன். ஆனா கரையில நிக்கிறவர் இயேசுன்னு தெரிஞ்சதும் கடல்ல குதிச்சு வந்துட்டான். இவனையும் நேரா வரச் சொல்லுங்க."

வந்தான். என் அலுவலகத்தில் பில் பில்லாகக் கேட்டார்; அவனும் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். கடைசி பில் முடிந்த பிறகே சமரச மனுவில் கையெழுத்துப் போட்டார். நீதிமன்றம் அனுமதித்தது.

எல்லா வழக்கிலும் இந்த வாசல் திறக்காது. 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸையும் இரு மகன்களையும் உயிரோடு எரித்தார்கள். மனைவி கிளாடிஸ் கொலையாளிகளை மன்னித்ததாக உலகறியச் சொன்னார். ஆனால் கொலைக்குச் சமரசம் கிடையாது. 2011-இல் உச்ச நீதிமன்றம் முதன்மைக் குற்றவாளி தாரா சிங்கின் ஆயுள் தண்டனையை உறுதிசெய்தது. மன்னிப்பவர் விடுவது தன் பகையை. அரசின் வழக்கு அவர் கையில் இல்லை.

என் கட்சிக்காரர் அவனைத் திரும்பவும் வேலைக்கு எடுத்தார். ஆனால் லேத்தில்தான், வசூலை மகளிடம் கொடுத்துவிட்டார். "மன்னிச்சாச்சுன்னீங்களே?" என்றேன்.

"மன்னிச்சாச்சு சார். பேதுருகிட்டயும் இயேசு ஆடுகளைத்தான் ஒப்படைச்சார். பணப்பையைக் கொடுத்ததா எங்கேயும் எழுதலையே."

காட்டிக்கொடுத்து வாங்கிய முப்பது வெள்ளிக்காசுக்கு முன்பே, சீடர்கள் பன்னிரண்டு பேரின் பணப்பை யூதாசிடம்தான் இருந்தது. அதிலிருந்து அவன் எடுத்தும் வந்தான் என்கிறது யோவான் சுவிசேஷம். என் கட்சிக்காரர் அதையும் படித்திருந்தார்.