சாவெஸின் புகழுக்கு எது சான்று?

மெக்சிகோவின் குத்துச்சண்டை வீரர் ஹூலியோ செசர் சாவெஸைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் ஓர் எண்ணில் தொடங்கி அதே எண்ணில் முடிந்துவிடுகிறது. 1980இல் தொழில்முறை வீரராகக் களமிறங்கிய அவர், 1993 செப்டம்பர் வரை 87 போட்டிகளில் ஒன்றிலும் தோற்கவில்லை. ஆதரவாளர்கள் இதைக் காட்டி, மெக்சிகோ ஈன்ற வீரர்களுள் தலைசிறந்தவர் அவரே என்கின்றனர். மறுப்பாளர்களும் இதே எண்ணைக் கையிலெடுத்து, அதில் எத்தனை வெற்றிகள் பெயர் தெரியாத எதிராளிகள்மீது பெற்றவை என்று கேட்கின்றனர். இரு தரப்பும் தவறான சான்றைச் சுற்றியே வாதிடுகின்றன. சாவெஸின் பெருமைக்குச் சான்று உண்டு; அது அந்த எண்ணில் இல்லை.

87 என்பது எவ்வாறு திரண்டது? வறிய மெக்சிகோ நகரங்களின் இளைஞர்கள் பதின்ம வயதிலேயே கூலிக்குக் குத்தத் தொடங்குவது வழக்கம். வேறு நாடுகளில் ஒருவர் அமெச்சூர் போட்டிகளில் கற்கும் பாடங்களை இவர்கள் தொழில்முறைக் களத்திலேயே கற்கின்றனர். 17 வயதில் தொடங்கிய சாவெஸ், முதல் உலகப் பட்டத்துக்குப் போட்டியிடுமுன் நாற்பதுக்கும் மேற்பட்ட ஆட்டங்களை முடித்திருந்தார். அவற்றுள் பெரும்பகுதி பயிற்சியின் நீட்சி.

அந்தத் தூய பட்டியலில் தொடக்கத்திலேயே ஒரு கறையும் உண்டு. 1981இல் அவர் வளர்ந்த ஊரான கூலியகானில் மிகேல் ரூயிஸ் என்பவரை முதல் சுற்றின் இறுதி மணி ஒலிக்கும் தறுவாயில் வீழ்த்தினார். குத்து விதிமீறியது எனக் கருதிய நடுவர் சாவெஸைத் தகுதிநீக்கம் செய்தார். அவருடைய மேலாளர் ஆணையத்தை அணுகிய பின் முடிவு மாற்றப்பட்டு, தோல்வி வெற்றியாயிற்று. அந்தத் திருத்தம் இல்லையெனில் '87' என்னும் எண்ணே இல்லை.

1993இல் அமெரிக்க வீரர் கிரெக் ஹாகன், சாவெஸிடம் தோற்றவர்கள் எல்லாம் டிஹுவானாவின் டாக்சி ஓட்டுநர்கள் என்று எள்ளியது இந்த வகை ஐயத்தையே கூர்மையாக்கியது. எள்ளியவர் அதே ஆண்டு பிப்ரவரியில் அஸ்டெகா அரங்கில் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் முன்னிலையில் ஐந்தாம் சுற்றில் வீழ்ந்தார். ஆயினும் ஹாகன் வீழ்ந்ததால் அவர் எழுப்பிய கேள்வி வீழ்ந்துவிடவில்லை.

அதற்கான விடை 1984க்கும் 1990க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் உள்ளது. 1984இல் லாஸ் ஏஞ்சலிஸில் மரியோ மார்ட்டினெஸை எட்டாம் சுற்றில் நிறுத்தி, சூப்பர் ஃபெதர்வெயிட் எடைப்பிரிவில் டபிள்யூ.பி.சி. பட்டத்தை வென்றார். அடுத்த ஆண்டு ரோஜர் மேவெதரை இரண்டே சுற்றுகளில் முடித்தார். ராக்கி லாக்ரிட்ஜ், ஹுவான் லபோர்ட்டே ஆகியோர் உலகப் பட்டம் சுமந்தவர்கள், அவர்களையும் வென்றார். இவர்களுள் எவரும் டாக்சி ஓட்டுநர் அல்லர்.

சாவெஸின் கலையை அறிய விரும்புவோர் முதலில் காண வேண்டியது 1987 நவம்பரில் லாஸ் வேகாஸில் போர்ட்டோ ரிக்கோவின் எட்வின் ரொசாரியோவுடன் நிகழ்ந்த போட்டி. ரொசாரியோ ஒரே குத்தில் ஆட்டத்தை முடிக்கும் வலிமை படைத்தவர். சாவெஸ் அப்போதுதான் லைட்வெயிட் பிரிவுக்கு உயர்ந்திருந்தார். அவர் ஓடவும் இல்லை, கண்மூடிப் பாயவும் இல்லை. சிறுசிறு அடிகளாக முன்னேறி எதிராளி நகரக்கூடிய இடத்தைக் குறுக்கினார். தலையைச் சற்றே சாய்த்துக் குத்துகளை வழுக்கவிட்டார். வலப்பக்க விலாவின் கீழே, கல்லீரலைக் குறிவைத்து இடக்கைக் கொக்கிக் குத்துகளை ஓயாமல் இறக்கினார். தலையில் விழும் குத்து உணர்வை மழுக்கும். கல்லீரலில் விழும் குத்தோ தெளிந்த உணர்வுடனேயே உடலைச் செயலறச் செய்யும். பதினொன்றாம் சுற்றில் போட்டி நிறுத்தப்பட்டபோது ரொசாரியோவிடம் வலிமையின் சுவடே எஞ்சவில்லை. 87 வெற்றிகளில் இந்த ஒன்று மட்டுமே இருந்திருந்தாலும் சாவெஸ் பெருவீரரே.

அடுத்த ஆண்டு கிடைத்த வெற்றியில் ஒரு நிழல் படிந்திருக்கிறது. 1988 அக்டோபரில் சாவெஸ் சக மெக்சிகோ வீரர் ஹோசே லூயிஸ் ராமிரெஸை வென்று லைட்வெயிட் பட்டங்களை இணைத்தார். ராமிரெஸ் அந்தப் பட்டத்தை அதே ஆண்டு மார்ச்சில் பாரிஸில் பெர்னல் விட்டேகருக்கு எதிராகத் தக்கவைத்திருந்தார். அந்தத் தீர்ப்பு அநீதியானது என்று குத்துச்சண்டை உலகில் இன்றளவும் பேசப்படுகிறது. எனவே அந்த எடையில் சாவெஸ் உண்மையில் சந்தித்திருக்க வேண்டியவர் விட்டேகர். ஐந்தாண்டுகளுக்குப் பின் அந்தச் சந்திப்பு நிகழ்ந்தபோது சாவெஸின் புகழ் அவரைவிடப் பெரிதாக வளர்ந்திருந்தது.

இடையில் 1990 மார்ச் 17 வந்தது. லாஸ் வேகாஸில் எதிரே நின்றவர் மெல்ட்ரிக் டெய்லர், 1984 ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர், தோல்வியறியாதவர். அவருடைய கைகளின் வேகத்துக்குச் சாவெஸால் ஈடுகொடுக்க இயலவில்லை. பதினோரு சுற்றுகளின் முடிவில் மூன்று தீர்ப்பாளர்களுள் இருவரின் கணக்கில் டெய்லர் 107-102, 108-101 எனத் தொலைவில் முன்னிலை பெற்றிருந்தார். ஆனால் புள்ளிகளை ஈட்டிய டெய்லரின் முகம் வீங்கிக்கொண்டே போயிற்று. வாயில் கசிந்த குருதியை விழுங்கியபடி அவர் போரிட்டார். கடைசிச் சுற்றின் கடைசி நொடிகளில் சாவெஸின் வலக்கை அவரைத் தரையில் சாய்த்தது. டெய்லர் எழுந்தார். நடுவர் ரிச்சர்ட் ஸ்டீல் அவரிடம் கேட்ட கேள்விக்கு விடை வரவில்லை. மேடையோரம் ஏறிக்கொண்டிருந்த தம் பயிற்சியாளர் லூ டூவாவின் பக்கம் டெய்லரின் பார்வை திரும்பியிருந்தது. ஸ்டீல் போட்டியை நிறுத்தினார். அப்போது எஞ்சியிருந்தவை இரண்டு நொடிகள்.

அந்த இரண்டு நொடிகளைப் பற்றி முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வாதம் நடக்கிறது. நின்றிருந்தால் போதும், டெய்லர் வென்றிருப்பார். அதே வேளையில், தற்காத்துக்கொள்ள இயலாதவரைக் காப்பதே நடுவரின் கடமை. கடிகாரத்தைக் கண்காணிப்பது அன்று. விதியின்படி ஸ்டீலின் முடிவு ஏற்கத்தக்கது. சாவெஸின் பங்கை அளப்பதற்கு அந்த நொடிகளைக் காட்டிலும் அவற்றுக்கு முந்தைய முப்பத்தைந்து நிமிடங்களே உதவும். தோற்றுக்கொண்டிருந்த ஒருவர் தம் முறையைக் கைவிடாமல், ஒவ்வொரு சுற்றிலும் எதிராளியின் உடலிலிருந்து சிறிது சிறிதாக எடுத்துக்கொண்டே இருந்தார். டெய்லர் அடுத்த ஆண்டு மேலும் ஓர் உலகப் பட்டம் வென்றார் என்பது உண்மை. ஆயினும் அந்த இரவுக்கு முந்தைய டெய்லரைக் களம் மீண்டும் காணவில்லை. பிற்காலத்தில் அவருடைய பேச்சே குழறத் தொடங்கியது. சாவெஸின் புகழைப் பேசுவோர் அதற்கு டெய்லர் செலுத்திய விலையையும் சேர்த்தே பேச வேண்டும்.

1993 செப்டம்பர் 10 அன்று டெக்சாஸின் சான் அன்டோனியோவில் விட்டேகர் எதிர்கொண்டார். கூட்டத்தில் பெரும்பாலோர் சாவெஸின் பக்கம். விட்டேகர் இடக்கை வீரர், தொடுவதற்கே அரியவர். சாவெஸ் முன்னேறிய இடங்களிலெல்லாம் அவர் இல்லை. கைக்கெட்டும் தொலைவில் நின்றபோதோ முதலில் குத்தியவர் அவரே. ஒரு தீர்ப்பாளர் 115-113 என விட்டேகருக்கு அளித்தார். மற்ற இருவர் 115-115 என எழுத, போட்டி சமனில் முடிந்தது. 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' இதழ் அதை அட்டையிலேயே கொள்ளை என்றது. அன்று சாவெஸ் தோற்றார் என்பதே ஆட்டத்தை நிதானமாகக் காண்போர் பலரும் வந்தடையும் முடிவு. ஏட்டில் தோல்வி பதிவாகவில்லை. புகழ் அதுவரை சாவெஸின் குத்துகளால் ஈட்டப்பட்டது. அந்த இரவில் புகழே அவருக்காகப் புள்ளிகளை ஈட்டியது.

முதல் அதிகாரபூர்வத் தோல்வி 1994 ஜனவரியில் ஃபிராங்கி ராண்டலிடம் வந்தது. பதினொன்றாம் சுற்றில் சாவெஸ் வாழ்நாளில் முதன்முறையாகத் தரையில் விழுந்தார். இடுப்புக்குக் கீழ் குத்தியதற்காக இரு புள்ளிகளையும் இழந்தார். நான்கு மாதங்களில், தலைகள் மோதியதால் இடையில் நின்ற மறுபோட்டியில், புள்ளிக்கணக்கில் பட்டம் அவரிடம் திரும்பிற்று. பின்னர் ஆஸ்கர் டி லா ஹோயாவிடம் இரு முறையும், 2000இல் கோஸ்ட்யா ட்ஸுவிடமும் தோற்றார். இவை மங்கிய வீரரின் தோல்விகள்; அவருடைய உச்சத்தை அளக்க இவை பயன்படா.

மெக்சிகோ ஏன் அந்தத் தூய எண்ணை இவ்வளவு இறுகப் பற்றிக்கொண்டது? 1982இல் கடன் நெருக்கடியில் பெசோ சரிந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், விஃல்ஃபிரெடோ கோமெஸையும் அசுமா நெல்சனையும் வென்றிருந்த சல்வடோர் சாஞ்செஸ் 23 வயதில் கார் விபத்தில் மாண்டார். 1985இல் நிலநடுக்கம் தலைநகரைச் சிதைத்தது. அந்த வெற்றிடத்தில்தான், கைவிடப்பட்ட ரயில் பெட்டியில் வளர்ந்த ரயில்வே தொழிலாளியின் மகன் ஒவ்வொரு முறையும் வென்றுகொண்டிருந்தார். எல்லைக்கு அப்பால் கூலி வேலை செய்த லட்சக்கணக்கான மெக்சிகோ மக்களுக்கு அவர் சனிக்கிழமை இரவுகளின் மானம். அம்மக்களின் தேவை உண்மையானது. ஆனால் ஒரு தேவையின் உண்மை அது பற்றிக்கொண்ட எண்ணை உண்மையாக்கிவிடாது.

வென்ற எதிராளிகளின் தரத்தை மட்டும் அளந்தால் சாஞ்செஸ் அவருக்கு மேலே நிற்கக்கூடும். தோல்வியின்மையே அளவுகோலெனில், 51 வெற்றியும் ஒரு சமனுமாகத் தோல்வியின்றி ஓய்வுபெற்ற ரிக்கார்டோ லோபெஸ் முந்துகிறார். சாவெஸுக்கு உரியது வேறொன்று. மூன்று எடைப்பிரிவுகளில், ஏறத்தாழ பத்தாண்டுகள், 37 உலகப் பட்டப் போட்டிகள் என்னும் பாரத்தை அவரளவு சுமந்தோர் மிகச் சிலரே. அழுத்தமாக முன்னேறி உடலைத் தகர்க்கும் முறையை அவரளவு செம்மையாக்கியோர் அவரினும் சிலர். 2011இல் சர்வதேசக் குத்துச்சண்டைப் புகழரங்கம் அவரை ஏற்றது தகும்.

ஆகவே மாமேதை என்னும் பட்டம் அவருக்கு நிலைக்கட்டும். வெல்லப்படாதவர் என்னும் கதையை மட்டும் விட்டுவிடலாம். 1993 செப்டம்பர் இரவின் வெற்றி விட்டேகருக்கு உரியது. அதை அவரிடம் திருப்பிக் கொடுத்த பிறகும் ரொசாரியோவுடனான பதினோரு சுற்றுகள் அப்படியே இருக்கின்றன. சாவெஸின் புகழுக்கு அவை போதும்.