பாலத்தில் தொங்கிய பையன்



இந்த வாரம் ஒரு நாவலைக் குறித்து எழுதுகிறேன். அமெரிக்க எழுத்தாளர் ஸ்டீஃபன் கிங் எழுதிய ‘தி கன்ஸ்லிங்கர்’. திகில் கதைகளுக்குப் பெயர்பெற்றவரின் புத்தகம் ஒரு போதகரின் மேசைக்கு எப்படி வந்தது என்று சிலர் வியக்கக்கூடும். நம் வாலிபர்களில் பலர் இதை வாசித்திருக்கிறார்கள். ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடப் போன கதை இதில் தலைகீழாக வருகிறது என்று அவர்களில் ஒருவர் சொன்னார். அந்தச் சொல்லுக்காகவே வாசித்தேன். இது சிறுவர்களுக்கு உரிய புத்தகம் அல்ல என்பதை முன்னதாகச் சொல்லிவிடுகிறேன். இரத்தமும் இச்சையும் இதில் தாராளமாக உண்டு. கதையின் முடிவையும் நான் மறைக்கப் போவதில்லை.

கிங் இதை 1970-ல், கல்லூரிப் பருவத்தின் முடிவில் எழுதத் தொடங்கினார். ராபர்ட் பிரவுனிங்கின் ஒரு நெடுங்கவிதையும், செர்ஜியோ லியோனி இயக்கிய கௌபாய் படங்களும், டோல்கீனின் பெரும் புனைவுலகமும் சேர்ந்து அவருக்குள் இந்தக் கதையை உண்டாக்கின. முதலில் ஐந்து பகுதிகளாக ஒரு பத்திரிகையில் வந்து, 1982-ல் நூலானது. பின்னர் ‘இருண்ட கோபுரம்’ என்னும் நீண்ட தொடரின் முதல் பாகமாக நின்றது.

கதையின் நாயகன் ரோலண்ட். அழிந்துபோன ஒரு இராஜ்யத்தின் கடைசித் துப்பாக்கி வீரன். கறுப்பு உடை அணிந்த ஒரு மந்திரவாதியை அவன் பாலைவனத்தில் துரத்திக்கொண்டு போகிறான். அவனைப் பிடித்தால் கோபுரத்துக்கு வழி தெரியும். எல்லா உலகங்களையும் தாங்கி நிற்பது அந்தக் கோபுரமே. அது சரிந்தால் யாவும் சரியும். ஆகவே ரோலண்டின் நோக்கம் கெட்டது அல்ல. இதைக் கவனிக்க வேண்டும். அவன் பொன்னையோ பதவியையோ தேடவில்லை. உலகங்கள் பிழைக்கவேண்டும் என்றே நடக்கிறான்.

வழியில் டல் என்னும் சிற்றூர். அங்கே சில்வியா பிட்ஸ்டன் என்னும் பெண் பிரசங்கி, மந்திரவாதியின் வசப்பட்டு, ஊரையே அவனுக்கு எதிராகத் தூண்டிவிடுகிறாள். சபை ஆயுதங்களோடு அவன்மேல் பாய்கிறது. முடிவில் 39 ஆண்களும் 14 பெண்களும் 5 பிள்ளைகளும் தெருவில் பிணமாய்க் கிடக்கிறார்கள். அவனோடு சில நாட்கள் வாழ்ந்த ஆலி என்பவளும் அவர்களுள் ஒருத்தி. பிரசங்கியை இப்படிச் சித்திரித்தது சிலருக்கு வருத்தமாயிருக்கலாம். எனக்கு அப்படி இல்லை. பிரசங்கத்தால் ஒரு கூட்டத்தைக் கொலைக்குத் தயாராக்க முடியும் என்பது கட்டுக்கதை அல்லவே.

ஆனாலும் என் மனதை வருத்தியது டல் அல்ல, ஜேக். பாலைவனத்தின் நடுவே பாழடைந்த ஒரு தங்குமிடத்தில் ரோலண்ட் அந்தப் பையனைக் காண்கிறான். ஜேக் நம்முடைய உலகத்தைச் சேர்ந்தவன். நியூயார்க் நகரத்துத் தெருவில் யாரோ தள்ளிவிட, வாகனத்தின் கீழே விழுந்து இறந்தவன். இறந்த பின் இங்கே விழித்திருக்கிறான். அவனுடைய தகப்பன் ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தில் பெரிய அதிகாரி. வசதியான வீடுதான், ஆனால் பையனைக் கவனித்துக்கொண்டது வீட்டு வேலைக்காரம்மாள். இந்த விவரத்தைக் கிங் சில வரிகளில் சொல்லிக் கடந்துவிடுகிறார். எனக்கு அதைக் கடப்பது எளிதாக இல்லை. ஒரு தகப்பனின் வேலைக்கு ஏற்கெனவே ஒருமுறை விட்டுக்கொடுக்கப்பட்ட பிள்ளை அவன்.

அந்தப் பையன் ரோலண்டை நேசிக்கத் தொடங்குகிறான். ரோலண்டும் அவனை நேசிக்கிறான். மந்திரவாதியை எட்டிப்பிடிக்க இந்தப் பிள்ளையே வாசலாக இருப்பான் என்று ஓர் ஆவி ரோலண்டுக்கு அறிவிக்கிறது. ஜேக்குக்கும் அது தெரிந்துவிடுகிறது. ஈசாக்கு ஆட்டுக்குட்டி எங்கே என்று கேட்டான். ஜேக்குக்கு அந்தக் கேள்வியும் தேவைப்படவில்லை. விடை தெரிந்தே உடன் நடக்கிறான். மலையின் அடியில் இருளில் தண்டவாளம் வழியே பயணம். முடிவில் துருப்பிடித்த ஒரு பாலம். அது உடைந்து பையன் தொங்குகிறான். அந்த வேளையில் வெளிச்சத்தின் வாசலில் மந்திரவாதி வந்து நிற்கிறான். இப்பொழுதே வந்தால் பேசலாம், இல்லாவிட்டால் ஒருபோதும் பிடிக்க முடியாது என்கிறான். ரோலண்ட் வாசலை நோக்கிப் போகிறான். பையன் விழுகிறான்.

மோரியாவிலும் ஒரு குரல் கேட்டது. அது ஆபிரகாமின் கையைத் தடுத்த குரல். இங்கேயும் ஒரு குரல் உண்டு. அது அவசரப்படுத்துகிற குரல். அந்தக் குரலில் கோபுரத்தைக் குறித்த ஒரு கட்டளையும் இல்லை என்பதை மறுபடியும் வாசித்தபோதுதான் கவனித்தேன். கோபுரம் பிள்ளையைக் கேட்கவே இல்லை. விலையை வைத்தவன் அவனுடைய சத்துரு.

இவ்விடத்தில் எனக்கு ஆபிரகாமைவிட அதிகமாக நினைவுக்கு வந்தவன் காய்பா. ஜனங்கள் எல்லாரும் அழிந்துபோகாதபடி ஒருவன் மரிப்பது நலம் என்று ஆலோசனை சொன்ன பிரதான ஆசாரியன். அவனுடைய கணக்கில் பிழை இல்லை. ஒருபுறம் ஒரு தேசம், மறுபுறம் ஓர் ஆள். ரோலண்டின் கணக்கிலும் பிழை இல்லை. ஒருபுறம் எல்லா உலகங்களும், மறுபுறம் ஒரு பையன். இந்தக் கணக்கைப் போடுகிறவன் ஒருபோதும் தன்னைத் தராசில் வைப்பதில்லை. மலைக்கு அப்பால் ரோலண்டும் மந்திரவாதியும் பேச உட்காரும் இடத்துக்குக் கிங் கொடுக்கும் பெயர், எலும்புகள் சிதறிக் கிடக்கிற கொல்கொதா. நாம் அறிந்த கொல்கொதாவில் ஒருவர் தம்மையே கொடுத்தார். இந்தக் கொல்கொதாவுக்கு ஒருவன் இன்னொருவருடைய பிள்ளையைக் கொடுத்துவிட்டு வந்து சேர்கிறான். அதற்குக் கிடைத்த கூலி என்ன? ஓர் இரவுப் பேச்சும் ஏழு டாரட் சீட்டுகளும். அவற்றில் ஒன்றில் நீரில் மூழ்கும் மாலுமி, அது ஜேக். விடியும்போது ரோலண்ட் பத்து ஆண்டுகள் மூப்படைந்து விழிக்கிறான். எதிரே ஓர் எலும்புக்கூடு.

நாம் இதைக் கதை என்று மூடி வைத்துவிடலாம். ஆனால் நம் கூட்டங்களில் சில சாட்சிகள் சொல்லப்படுகின்றன. பிள்ளை காய்ச்சலாய்க் கிடந்தபோதும் ஊழியத்துக்குப் புறப்பட்டுப் போனேன் என்று ஒருவர் சொன்னால் நாம் அல்லேலூயா சொல்லுகிறோம். அந்தப் பிள்ளை அந்த இரவு யாரைத் தேடியது என்று எவரும் கேட்பதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊழியக்காரரின் மகன், வளர்ந்து வேலையில் இருப்பவர், என்னிடம் பேசினார். ஆலயத்துக்குள் அவர் வருவதை நிறுத்திப் பல நாட்கள் ஆகியிருந்தன. “அப்பா நல்லவர்தான் ஐயா. ஊருக்கெல்லாம் நல்லவர்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. குற்றம் சாட்டுகிற தொனியும் அதில் இல்லை. ஜேக்கின் முகத்தை வாசிக்கும்போது எனக்கு அவருடைய குரலே கேட்டது.

ஊழியக்காரருக்கு மட்டும் இது உரியதும் அல்ல. கடன் தீரட்டும், வீடு முடியட்டும், இந்த ஒரு பொறுப்பு நிறைவேறட்டும் என்று நாம் நடக்கிற ஒவ்வொரு பாலத்திலும், இப்பொழுதே அல்லது ஒருபோதும் இல்லை என்கிற குரல் கேட்கிறது. அவசரம் உண்மையானதாகவும் இருக்கலாம். ஆனால் அதைச் சொல்லுகிறவன் யார் என்று நின்று கேட்க ரோலண்டுக்கு ஒரு நிமிடம் இருந்தது.

தொடரின் கடைசி நூல் 2004-ல் வந்தது. ரோலண்ட் கோபுரத்தை அடைகிறான். மாடி மாடியாக ஏறும்போது அங்கே இருப்பது அவனுடைய சொந்த வாழ்க்கையின் நினைவுகளே. உச்சியிலுள்ள கதவைத் திறந்தால், முதல் நூல் தொடங்கிய அதே பாலைவனம். எல்லாம் மறந்து மறுபடியும் நடக்கிறான். இந்த முடிவைப் பலர் ஏமாற்றம் என்று சொன்னார்கள். எனக்கு அது நீதியாகத் தோன்றியது, பயமாகவும் இருந்தது.

ஆனால் நான் திரும்பத் திரும்ப வாசித்தது 1991-ல் வந்த மூன்றாம் நூலின் ஒரு பகுதியை. ஜேக் அங்கே மீண்டும் ரோலண்டிடம் கொண்டுவரப்படுகிறான். லட் என்னும் இடிந்த நகரத்தில் பொல்லாதவன் ஒருவன் அவனைப் பிடித்துக்கொண்டு போகிறான். கோபுரத்துக்கான பாதை வேறு பக்கம் இருக்கிறது. இந்த முறை ரோலண்ட் தன் தோழர்களை ரயிலைத் தேட அனுப்பிவிட்டு, நாய்போன்ற ஒரு சிறு பிராணி மோப்பம் பிடித்து வழிகாட்ட, குப்பையும் பொறிகளும் நிறைந்த சந்துகளுக்குள் அந்தப் பையனைத் தேடிப் போகிறான். கண்டுபிடித்துக் கொண்டுவருகிறான். அவன் திரும்பி வந்தபோது கோபுரம் இருந்த இடத்திலேயே இருந்தது.