உறையிலிருந்தே தேயும் துப்பாக்கி

மேசையில் விரித்த பச்சைக் கம்பளித் துணி மேல் ஒரு 9 எம்.எம். பிஸ்டல் பிரித்துப் போடப்பட்டிருந்தது. ஸ்லைடு, பேரல், ரீகாயில் ஸ்பிரிங், பாடி, மேகசின். ஸ்லைடின் இடப்பக்கத்தில் மட்டும் கறுப்புப் பூச்சு மங்கி, அம்மைத் தழும்பு மாதிரி துருக்குழிகள். ஆர்மரர் அதை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிக் காட்டினார்.

"இது ஒரு கன்மேன் இடுப்புல இருந்ததுங்க. எந்தப் பக்கம் அவர் உடம்போட ஒட்டி இருந்துச்சுன்னு இரும்பைப் பாத்தே சொல்லிரலாம். சுட்டது என்ன, வருசத்துக்கு ஒரு தடவ பிராக்டிஸ். சுட்டா தேஞ்சுச்சு? வேர்வையில்ல தின்னுருக்கு."

மதுரைக்கு வெளியே ஓர் ஆயுதப்படை வளாகம். செல்பேசியை வாசல் காவலில் ஒப்படைத்த பிறகுதான் உள்ளே விட்டார்கள். ஆள் பெயரும் ஆயுத எண்ணும் எழுதுவதில்லை என்று சொல்லித்தான் அனுமதி வாங்கியிருந்தேன். 'பெல் ஆஃப் ஆர்ம்ஸ்' என்று வெள்ளைக்காரன் காலத்துப் பெயரிலேயே இன்றும் அழைக்கப்படும் ஆயுதக் கிடங்குக்குப் பக்கத்து அறை அது. இரும்புக் கதவுக்கு அந்தப் பக்கம் ரைஃபிள்கள் சங்கிலி கோத்து வரிசையாக நிற்கின்றன. இந்தப் பக்கம் ஒரு வைஸ், பித்தளைக் கம்பிகள், புல்த்ரூ கயிறு, வெட்டி அடுக்கிய துணித் துண்டுகள், ஆயில் டப்பா, தடித்த ரிஜிஸ்டர்கள்.

ஆர்மரர் பதவியில் தலைமைக் காவலர். வந்து போகிற இளம் காவலர்கள் எல்லாருக்கும் ஏட்டையா. இடுப்பில் துப்பாக்கி மாட்டிய அதிகாரியைப் பற்றி எத்தனையோ சினிமா வந்துவிட்டது. அந்தத் துப்பாக்கி சுடுமா சுடாதா என்பதற்குப் பொறுப்பான இந்த மனிதரைப் பற்றி ஒரு வரிகூட நான் படித்ததில்லை. அதற்காகவே வந்தேன்.

அவர் வேலையில் சேர்ந்த காலத்தில் .303 ரைஃபிள்தான் எங்கும். அதிகாரிகள் இடுப்பில் ரிவால்வர். பிறகு 9 எம்.எம். பிஸ்டல் வந்தது. மேற்கு வங்கத்தில் உள்ள இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையின் தயாரிப்பு. அதன் மூலவடிவம் பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனம் 1935-இல் வெளியிட்ட பிரௌனிங் ஹை-பவர். ஜான் பிரௌனிங் தொடங்கிவைத்து 1926-இல் இறந்துபோக, தியூதொன்னே சேவ் என்ற பெல்ஜியக்காரர் முடித்த துப்பாக்கி அது. மேகசினில் 13 தோட்டா இரட்டை வரிசையாக ஏறும். பிளாஸ்டிக் பாடியும் 17 தோட்டா மேகசினும் கொண்ட க்ளாக் அதற்குப் பின்னால் வந்தது. 1982-இல் ஆஸ்திரிய ராணுவம் ஏற்றுக்கொண்ட பிறகு உலகத்துப் போலீஸ் எல்லாம் நாடிப்போன மாடல் அது.

எது நம்பகமானது என்று கேட்டேன். உடனே பதில் வரவில்லை. மேகசினைக் கையில் எடுத்து, அதன் வாய்ப்பகுதியின் இரு விளிம்புகளையும் விரலால் தடவிப் பார்த்தார்.

"மாடலைக் கேக்காதீங்க தம்பி. இந்த உதட்டைப் பாருங்க. கீழ விழுந்து ஒரு நூல் அகலம் விரிஞ்சாப் போதும், தோட்டா தலையத் தூக்கிக்கிட்டு மாட்டிக்கும். உலகத்துலயே நல்ல துப்பாக்கியா இருந்தாலும் அம்புட்டுத்தான்."

1970-களில் மேற்கு ஜெர்மனிப் போலீஸ் புதுப் பிஸ்டல் தேடியபோது, குறைந்தது 10,000 தோட்டா தாங்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. நம் பக்கத்துக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு காவல் அதிகாரி ஆண்டுக்கு 30 தோட்டா சுடுகிறார் என்று வைத்துக்கொண்டால், அந்த 10,000-ஐத் தொட முந்நூறு ஆண்டுக்கு மேல் ஆகும். ஆக, சுட்டுச் சுட்டுப் பேரல் தேய்ந்து கழித்துக்கட்டப்படும் பிஸ்டல் இங்கே அபூர்வம். இங்கே பிஸ்டல் முதுமை அடைவது வேறு வழியில், அந்த வழியை எந்தத் தொழிற்சாலைச் சோதனையும் முழுக்கக் காட்டுவதில்லை.

முதல் எதிரி வேர்வை. அமைச்சர், நீதிபதி, மிரட்டலுக்கு ஆளான சாட்சி என்று யாருக்கோ காவலாகப் போகும் கன்மேன், சட்டைக்கு அடியில் பிஸ்டலைச் செருகிக்கொண்டு சித்திரை வெயிலில் நாள் முழுதும் நிற்கிறார். உப்பு இரும்புக்குள் இறங்குகிறது. அடுத்தது தோல் உறை. பார்க்கக் கம்பீரம்தான். ஆனால் தோலைப் பதப்படுத்தப் பயன்பட்ட சரக்கும் அது உறிஞ்சிவைக்கும் ஈரமும் சேர்ந்து பித்தளைத் தோட்டாவில் பச்சைக் களிம்பு ஏற்றிவிடும். வருடக்கணக்கில் உறையை விட்டே எடுக்காத ஒரு பிஸ்டலின் கதையை ஏட்டையா சொன்னார். எந்த ஸ்டேஷன் என்று நான் கேட்கவில்லை. மேகசினைக் கழற்றவே மரச்சுத்தியலால் தட்டவேண்டி வந்ததாம். உள்ளே தோட்டாக்கள் பாசி பிடித்த நிறத்தில் இருந்தன. அந்த அதிகாரி அதை நம்பித்தான் இரவு ரோந்துக்குப் போய்க்கொண்டிருந்தார்.

மூன்றாவது எண்ணெய். இதைக் கேட்டபோது எனக்கு வியப்பாக இருந்தது. பயந்துபோய் அளவுக்கு மீறி எண்ணெய் விடுகிறார்கள். அது ஃபயரிங் பின் துளைக்குள் போய்த் தூசியோடு சேர்ந்து பிசினாகிறது. தோட்டாவின் அடியில் உள்ள பிரைமருக்குள் கசிந்தால் மருந்தையே கொன்றுவிடும். விசையை இழுத்தால் டக்கென்று ஒரு சத்தம், வேறொன்றும் இல்லை. புது எண்ணெய் போடுவதற்கு முன் பழையதைத் துடைக்க வேண்டும். துடைக்கத்தான் யாருக்கும் பொறுமை இல்லை என்கிறார்.

இன்னொன்று, தோட்டாவைத் தினமும் சேம்பரில் ஏற்றி இறக்குவது. ஒரே தோட்டா திரும்பத் திரும்ப ஏறி இறங்கினால் அதன் ஈயத்தலை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுக்குள் அமுங்கும். உள்ளிடம் சுருங்கினால் வெடிக்கும்போது அழுத்தம் கூடும். ஏட்டையா இரண்டு தோட்டாக்களை அருகருகே நிறுத்திக் காட்டினார். வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. வெர்னியரில் வைத்தபோது தெரிந்தது. அடியில் கே.எஃப். என்று கட்கி தொழிற்சாலையின் முத்திரை, வருடத்தின் இரண்டு இலக்கம், 2இசட் என்ற வகைக்குறி. 9 எம்.எம். கார்பைனுக்கும் இதே தோட்டாதான். கார்பைனை மனத்தில் வைத்து வேகம் கூட்டப்பட்ட வகை என்பதால் பிஸ்டலின் ஸ்பிரிங்குக்குக் கொஞ்சம் கூடுதல் அடி. அதனால்தான் ரீகாயில் ஸ்பிரிங்கைப் பிஸ்டலின் வயதை வைத்து எடைபோடாமல், சுட்ட கணக்கை வைத்தும் புது ஸ்பிரிங்கோடு நீளத்தை ஒப்பிட்டும் பார்க்கிறார்.

மதுரைக்கே உரிய சோதனைகளும் உண்டு. தை மாதம் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று அடுத்தடுத்த நாள் ஜல்லிக்கட்டு. வாடிவாசலில் கிளம்பும் புழுதி பந்தோபஸ்தில் நிற்கும் அதிகாரியின் உறைக்குள்ளும் போகும். அது முடிந்த வாரம் வந்து துடைத்து வாங்கிப் போகிறவர்கள் யார், வராதவர்கள் யார் என்று ரிஜிஸ்டரைப் பார்க்காமலே அவரால் சொல்ல முடிகிறது. ஆயுத பூஜை இன்னொன்று. கிடங்கில் எல்லாத் துப்பாக்கிக்கும் பூச்சூட்டிச் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். ஏட்டையா பக்தியுள்ளவர், கற்பூரம் ஏற்றுவதும் அவர்தான். ஆனால் பொட்டு, ரைஃபிளின் மரக்கட்டையில் மட்டும். பிஸ்டலுக்கு உறை மேல். இரும்பில் சந்தனம் பட்டால் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். "சாமி கோவிச்சுக்காது. துரு கோவிச்சுக்கும்" என்றார்.

சுடுவதையும் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தேன். ஒத்தக்கடை தாண்டி, யானைமலையைப் பின்னால் விட்டுப் போனால் இடையபட்டிப் பக்கம் துப்பாக்கி சுடும் தளம். காலையிலேயே சிவப்புக் கொடி ஏறியிருந்தது. செம்மண் பொட்டல், கருவேலம், தூரத்தில் மண்மேடு, அதன் முன் ஆள் உருவ இலக்குகள்.

ஓர் இளம் பெண் உதவி ஆய்வாளரின் பிஸ்டல் இரண்டாவது தோட்டாவிலேயே நின்றது. காலிக்கூடு வெளியே வராமல் ஸ்லைடுக்கு இடையில் நட்டுக்குத்தலாக மாட்டிக்கொண்டது. அவர் முகம் சுருங்கிவிட்டது. ஏட்டையா போய், மேகசினைக் கழற்றி, ஸ்லைடை இழுத்துக் கூட்டைத் தட்டிவிட்டு, அதே பிஸ்டலில் அதே மேகசினைப் போட்டு, இரு கையாலும் இறுகப் பிடித்து மூன்று தோட்டா சுட்டார். மூன்றும் ஓடின. திருப்பிக் கொடுத்தார்.

"துப்பாக்கி நல்லாத்தான் இருக்கு மேடம். மணிக்கட்டு தளருது. பின்னாடி உதைக்கும்போது நீங்களும் சேந்து பின்னாடி போனா ஸ்லைடு பாதி வழியிலயே நின்னுரும். இறுக்கிப் பிடிங்க."

அடுத்த மேகசின் முழுவதும் தடையில்லாமல் போயிற்று. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆண்டு முழுவதும் மனு விசாரணை, பந்தோபஸ்து, கோர்ட் என்று ஓடுகிறவர். ஒரு தடை வந்தால் தட்டு, இழு, மறுபடி சுடு என்று கை தானாகச் செய்ய வேண்டும். யோசித்துச் செய்ய அங்கே நேரம் கிடையாது. கை பழகச் சில ஆயிரம் தடவையாவது செய்திருக்க வேண்டும். அதற்குத் தோட்டாகூடத் தேவையில்லை, மருந்தில்லாத ட்ரில் ரவுண்டு போதும். தேவை நேரம். அதைத்தான் அவருக்கு யாரும் கொடுப்பதில்லை.

சுட்டு முடிந்ததும் காலிக்கூடு எண்ணும் படலம். கொடுத்த தோட்டா எத்தனையோ அத்தனை கூடு திரும்ப வேண்டும். ஒன்று குறைந்தது. அதிகாரி, காவலர் என்ற வேறுபாடு இல்லாமல் எல்லாரும் குனிந்து செம்மண்ணைக் கிளறினோம். கிடைத்த பிறகுதான் வண்டி கிளம்பியது.

இந்தத் தளங்களைப் பற்றி எழுதும்போது நார்த்தாமலையை விட்டுவிட்டு எழுத முடியாது. 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே பசுமலைப்பட்டித் தளத்தில் பயிற்சி நடந்தபோது, தளத்துக்கு வெளியே வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. 2022 ஜனவரி 3 அன்று அவன் இறந்தான். சுடச் சொன்னபோது சுடுவது நம்பகத்தின் ஒரு பாதிதான் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று எனக்குத் தெரியாது. சுடக்கூடாதபோது சுடாமலிருப்பது என்ற அந்த மறுபாதி ஆர்மரருக்கும் நன்றாகத் தெரியும். ஒவ்வொரு பிஸ்டலிலும் விசைக்கு எவ்வளவு எடை தேவை என்று எடைக்கல் தொங்கவிட்டுப் பார்க்கிறார். சுத்தியலைப் பிடித்து நிறுத்தும் சியர் தேய்ந்து விசை இளகிவிட்டால், அந்தப் பிஸ்டல் அன்றே அலமாரிக்குள் போகிறது. யார் கேட்டாலும் தரமாட்டார். துடைக்கும்போது தவறிச் சுட்டுக் காவலர் காயம் என்ற செய்தியைப் படிக்கும்போதெல்லாம் மேகசினைக் கழற்றினாரா, சேம்பரைப் பார்த்தாரா என்ற இரண்டு கேள்விதான் அவருக்கு.

இந்த வட்டாரத்துக்குப் போலீஸ் துப்பாக்கியின் நினைவு ஒன்று உண்டு. உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில், 1920 ஏப்ரல் 3 அன்று, கைரேகைச் சட்டம் என்று மக்கள் சொன்ன குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்து நின்ற மக்கள் மீது சுட்டார்கள். நினைவுத்தூண் இன்றும் இருக்கிறது. அன்று துப்பாக்கிகள் குறையின்றி வேலை செய்தன. ஆகவே, காவல்துறைத் துப்பாக்கி நன்றாகச் சுட வேண்டும் என்று மட்டும் எழுதிவிட்டு என்னால் நகர முடியாது. எப்போது சுடக்கூடாது என்று அறிந்த கையிலும் அது இருக்க வேண்டும்.

மறுபக்கத்தையும் மறக்க முடியாது. 2008 நவம்பர் 26 இரவு மும்பை சி.எஸ்.டி. ரயில் நிலையத்தில் ஏ.கே. துப்பாக்கிக்காரர்களை எதிர்கொண்ட ரயில்வே காவலர்களிடம் இருந்தது லத்தியும் பழைய .303-உம். 2019 ஆகஸ்டில் பீகார் முன்னாள் முதல்வர் ஜகந்நாத் மிஸ்ராவின் இறுதிச் சடங்கில், சுபால் மாவட்டத்தில், மரியாதைக்கு நிறுத்திய 22 ரைஃபிள்களில் ஒன்றுகூட வெடிக்கவில்லை. தேசமே பார்த்தது. எல்லாரும் சிரித்தார்கள். ஏட்டையா சிரிக்கவில்லை. வெத்துத் தோட்டா வருடக்கணக்கில் ஈரத்தில் கிடந்திருக்கும், முந்தின நாள் ஒன்றை எடுத்துச் சுட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்றார். யாரோ ஓர் ஆர்மரர் அன்று தலைகுனிந்திருப்பார், அவருக்கு அந்தச் சோதனைக்குத் தோட்டா கொடுத்தார்களா என்பதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்றும் சேர்த்துச் சொன்னார்.

புது மாடல் வாங்கினால் தீர்ந்துவிடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. க்ளாக் பாடி துருப்பிடிக்காது, உண்மைதான். அதன் ஸ்பிரிங்கும் காலிக்கூட்டை இழுத்தெடுக்கும் எக்ஸ்ட்ராக்டரும் தோட்டாவும் இரும்பும் பித்தளையுமாகவே இருக்கின்றன. நியூயார்க் போலீஸின் க்ளாக் 19-களிலேயே 1990-களின் பிற்பகுதியில் தடைக் கோளாறு வந்து, பாகங்கள் மாற்றவேண்டி வந்தது. வாங்குவதற்குக் கோடிகளில் பணம் ஒதுக்கப்படுகிறது. செலவுப் பட்டியலில் மேகசின் ஸ்பிரிங்குக்கும் துணிக்கும் எண்ணெய்க்கும் இடம் தேட வேண்டியிருக்கிறது. ஒரு ஸ்பிரிங் என்ன விலை வந்துவிடும்?

ஏட்டையாவுக்கு ஓய்வுபெற இன்னும் சில வருடம்தான். பக்கத்தில் ஓர் இளம் காவலரை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிறார். பையன் பட்டதாரி, கை சுத்தம், ஆர்வமும் உண்டு. ஆனால் திருவிழா, தேர்தல், மறியல் என்று ஆள் தேவைப்படும்போதெல்லாம் முதலில் அவரைத்தான் பந்தோபஸ்துக்கு இழுத்துக்கொள்கிறார்கள். நான் இருந்தபோதும் அப்படி ஓர் அழைப்பு வந்தது. எக்ஸ்ட்ராக்டரைக் கழற்றிய நிலையில் விட்டுவிட்டு எழுந்தார். அவரை இந்த மேசையில் ஒரு வருடமாவது தொடர்ந்து உட்காரவைப்பதற்கு ஓர் உத்தரவு போதும், பணம் எதுவும் தேவையில்லை. அந்த உத்தரவைக் கேட்டு மூன்று முறை எழுதியிருப்பதாகச் சொன்ன ஏட்டையா, ரிஜிஸ்டரில் அந்தப் பிஸ்டலின் எண்ணுக்கு நேரே 'வேலை பாக்கி' என்று எழுதிவிட்டு அடுத்ததை எடுத்தார்.