கொல்லைப்புறச் செல்வம்

சிற்றூர்களில் விடியலை முதலில் அறிவிப்பது சேவலே. அதன் குரல் கேட்டு உழவர் எழுவர். பெண்டிர் வாயிலில் நீர் தெளிப்பர். ஏழையர் மனையிலும் நாலைந்து கோழிகள் கொல்லையைக் கிளறித் திரியும். சிந்திய தவசமும், புல்வித்தும், புழு பூச்சிகளுமே அவற்றின் உணவு. ஆயினும் அவை தரும் முட்டைகள் பல வீடுகளில் உப்புக்கும் எண்ணெய்க்கும், பிள்ளைகளின் ஏட்டுக்கும் எழுதுகோலுக்கும் உதவுகின்றன.

கரிசல் நிலத்துச் சிற்றூர் ஒன்றில் ஒரு மூதாட்டியும் அவள் பெயர்த்தியும் வாழ்ந்து வந்தனர். பெயர்த்தி எட்டாம் வகுப்பு மாணவி. அவளுடைய பள்ளிச் செலவிற்குத் துணையாக இருந்தவை ஒன்பது கோழிகள். ஒரு கோடையில் வெள்ளைக்கழிச்சல் நோய் அவ்வூரில் புகுந்தது. நான்கே நாளில் ஐந்து கோழிகள் மடிந்தன. எஞ்சியவை மூன்று பெட்டைகளும் ஒரு சேவலுமே.

இழந்ததை விரைவில் ஈடுசெய்ய விரும்பிய சிறுமி, ஐப்பசி மாதத்தில் சந்தையிலிருந்து எட்டுக் குஞ்சுகளை வாங்கி வந்தாள். அன்றே அவற்றை மூத்த கோழிகளிடையே விட்டாள். மூத்தவை அவற்றைக் கொத்தித் துரத்தின. ஒதுங்கி நின்ற குஞ்சுகளைக் காகமும் பருந்தும் கவர்ந்தன. மழைக்கால இரவில் ஒண்டுவதற்குச் சிறகின்றி மற்றவை விறைத்து மாண்டன. ஒரு வாரத்தில் ஒன்றும் எஞ்சவில்லை. அழுதுகொண்டிருந்த பெயர்த்தியை மூதாட்டி கடிந்துகொள்ளவில்லை. “குஞ்சுகளைக் கொண்டுவந்தாய், அவற்றிற்கு ஒரு தாயைத் தேடவில்லையே, அம்மா!” என்று மட்டும் சொன்னாள்.

தை பிறந்தது. பெட்டைகளுள் ஒன்று முட்டையிடுதலை நிறுத்தி, இறகுகளைச் சிலிர்த்துக்கொண்டு, இருந்த இடம் விட்டு எழாது கிடந்தது. அது அடைக்கு அமர்ந்துவிட்டது என்பதை மூதாட்டி அறிந்தாள். ஒரு கூடையில் மணலும் வைக்கோலும் பரப்பினாள். இட்டு ஒரு வாரத்திற்கு மேற்படாத, விரிசல் இல்லாத பத்து முட்டைகளைத் தேர்ந்து அதில் வைத்தாள். ஏழாம் நாள் இரவு ஒவ்வொரு முட்டையையும் விளக்கொளியில் பிடித்துப் பெயர்த்திக்குக் காட்டினாள். ஒன்பது முட்டைகளில் செந்நிற நரம்புகள் சிலந்தி வலைபோலப் படர்ந்திருந்தன. ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. அது கூமுட்டை என்று விலக்கப்பட்டது.

கோழிமுட்டை பொரிவதற்கு 21 நாள் ஆகும். அந்நாள்களில் தாய்க்கோழி இரைக்கும் நீருக்கும் சிறிது பொழுதே எழும். மற்றைய நேரமெல்லாம் முட்டைகளை அலகால் புரட்டிப் புரட்டி வெப்பம் ஊட்டும். இருபதாம் நாள் ஓட்டிற்குள்ளிருந்தே மெல்லிய குரல் கேட்டது. மறுநாள் ஒரு குஞ்சு ஓட்டைத் துளைத்தபின் நெடுநேரம் வெளிவரவில்லை. சிறுமி ஓட்டை உடைத்து உதவ முனைந்தாள். மூதாட்டி அவள் கையைப் பற்றினாள். எஞ்சிய மஞ்சட்கருவையும் ஓட்டின் உட்புறச் சவ்விலுள்ள குருதியையும் குஞ்சு உள்ளிழுத்துக்கொள்ளும் நேரம் அது. விரைந்து உடைத்தால் குருதி ஒழுகிக் குஞ்சு இறந்துபடும். மாலைக்குள் எட்டுக் குஞ்சுகள் வெளிவந்தன. ஓர் முட்டை பொரியவில்லை.

குஞ்சுகள் உள்ளிழுத்த மஞ்சட்கருவே முதல் இரண்டு நாளுக்கு அவற்றின் உணவாகும். பின்னர்க் குறுநொய்யும் உடைத்த கம்பும் இடப்பட்டன. ஆழமில்லாத தட்டில் கூழாங்கற்களைப் பரப்பி நீர் வைத்தாள் சிறுமி. தவறி விழும் குஞ்சு மூழ்காதிருக்க அதுவே வழி. மாலையில் பழங்கலயம் ஒன்றில் சாணத்தையும் ஓலையையும் இட்டு, நீர் தெளித்துக் கவிழ்த்து வைத்தால், காலையில் அதில் கறையான் ஏறியிருக்கும். அக்கறையான் குஞ்சுகளுக்கு நல்விருந்து.

ஏழாம் நாள் சிறுமி குஞ்சுகளைக் கூடையில் எடுத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்திற்குச் சென்றாள். அங்கே ஒவ்வொன்றின் கண்ணிலும் ஒரு சொட்டுத் தடுப்பு மருந்து விடப்பட்டது. இமயமலைப் பகுதியிலுள்ள ராணிக்கேத் என்னும் ஊரில் 1920களில் காணப்பட்டமையால், வெள்ளைக்கழிச்சல் நோய் அவ்வூர்ப் பெயராலும் வழங்குகிறது. அது வந்தபின் தீர்க்கும் மருந்து இல்லை. வருமுன் காத்தல் ஒன்றே வழி. எட்டு வாரம் ஆனபின் ஊசியும் போடவேண்டும் என்பதைச் சிறுமி தன் ஏட்டில் குறித்துக்கொண்டாள்.

பகலில் குஞ்சுகள் தாயுடன் மேயும். இரவில் பஞ்சாரத்துள் அடையும். பருந்தின் நிழல் தரையில் விழுந்தால் தாய் ஓர் ஒலி எழுப்பும். உடனே எட்டும் அதன் சிறகினுள் மறையும். மாலையில் வேலியோரம் காட்டுப்பூனை வரக்கண்டு அஞ்சிய மனைக்கோழி தன் குஞ்சுகளைக் கூவியழைக்கும் காட்சியை ஒக்கூர் மாசாத்தியார் குறுந்தொகையில் காட்டுகிறார். பறவையின் இளமையைப் ‘பிள்ளை’ என வழங்குதல் மரபு என்கிறார் தொல்காப்பியர். தாய்க்கோழியின் பரிவைக் கண்டோர்க்கு அப்பெயரின் பொருத்தம் விளங்கும்.

இரண்டு மாதம் சென்றது. ஒருநாள் அத்தாய்க்கோழியே தன் குஞ்சுகளைக் கொத்தி விலக்கியது. “தன் பிள்ளைகளையே துரத்துகிறதே, பாட்டி!” என்று சிறுமி வருந்தினாள். “அவை இனித் தாமே இரை தேடவேண்டும் கண்ணே, அது மறுபடியும் முட்டையிட வேண்டும்” என்றாள் மூதாட்டி. தாயின் காவல் நீங்கியதும் மற்றப் பெட்டைகளும் அவற்றைக் கொத்தின. கோழிக் கூட்டத்தில் எது எதனைக் கொத்தலாம் என்பதற்கு ஒரு வரிசை உண்டு. சிறுவயது முதலே கோழிகளை உற்றுநோக்கி வந்த நார்வே நாட்டு அறிஞர் ஷெல்டெரப்-எப்பே, 1920களின் தொடக்கத்தில் இதனை விளக்கி எழுதினார். புதியவை வரும்போது அவ்வரிசை கலையும். மீண்டும் அமையச் சில நாள் ஆகும்.

மூதாட்டி அந்நாள்களுக்கு வழிசெய்தாள். கொல்லையில் மூங்கில் தட்டி ஒன்றை நிறுத்தி, இளையவை ஒருபுறமும் மூத்தவை மறுபுறமும் ஒன்றையொன்று கண்டு மேயவிட்டாள். ஒரு வாரம் கழித்து, இருட்டிய பின் இளையவற்றை எடுத்துக் கூட்டில் மூத்தவற்றின் அருகே அமர்த்தினாள். மறுநாள் முதல் இரையை மூன்று இடங்களில் வைத்தாள். சிறு பூசல்கள் எழுந்து அடங்கின. ஒரு குஞ்சும் குறையவில்லை.

ஆவணியில் ஒருநாள் காலை, கூட்டிலே சிறிய முட்டையொன்று கிடந்தது. இளம்பெட்டை ஒன்று இட்ட முதல் முட்டை அது. சிறுமி அதனை விற்கவில்லை. வேகவைத்துப் பாதியைப் பாட்டிக்குக் கொடுத்தாள். கூட்டில் கோழிகளை எண்ணினாள், பன்னிரண்டு இருந்தன.

ஓர் உயிரை வாங்குவதற்குக் காசு போதும். வளர்ப்பதற்கோ காலமறிதலும் பொறுமையும் வேண்டும். காக்கவேண்டிய போது காத்தலும், விலகவேண்டிய போது விலகுதலும், புதியோர் வந்தால் அவர்க்கு இடம் அமையும்வரை அருகிருந்து பார்த்தலும் கோழி வளர்ப்போர்க்கு மட்டும் உரியன அல்லவே!