அழிக்க இயலாத கோடு

கதிர் சாய்ந்து, கோயில் மணி மாலைச் செபத்திற்கு ஒலித்து ஓய்ந்ததும், வீட்டுத் திண்ணையில் ஒரு சிறு கருங்கல்லை முன்னே வைத்துக்கொண்டு அமர்ந்துவிடுவேன். கல்லின் குழியில் சில துளி நீர் விட்டு, விரல் நீளமுள்ள கறுப்புக் கட்டி ஒன்றை வட்டமாக இழைப்பேன். தெருவில் விளையாடும் சிறுவர்கள் எட்டிப் பார்த்து, "தாத்தா, கறுப்புச் சந்தனமா அரைக்கிறீர்கள்?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். "ஆம் பிள்ளைகளே, காகிதத்திற்குப் பூசும் சந்தனம்" என்பேன்.

அது சீன மை. கந்தர்வக்கோட்டையில் ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியன் ஒருவன், எழுபது வயதைக் கடந்தபின் சீனத் தூரிகையைப் பிடிக்கக் கற்றுக்கொண்ட கதையை இங்குச் சொல்ல விழைகிறேன். கலையைப் பற்றியதாகத் தொடங்கினாலும், கலையோடு முடிகிற கதையன்று இது.

முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியில் ஓவியம் கற்பித்தேன். அளவுகோல், பென்சில், அழிப்பான் ஆகிய மூன்றுமே என் வகுப்பின் சட்டம். "அழிப்பான் இல்லாதவன் என் வகுப்பிற்கு வரவேண்டாம்" என்பது நான் நாள்தோறும் ஓதிய மந்திரம். பிழை என்றால் அழி. மீண்டும் பிழை என்றால் மீண்டும் அழி. ஆறாம் வகுப்பில் என் மகனும் என்னிடமே பயின்றான். ஒரு நாள் அவன் எங்கள் கொல்லையில் நின்ற முந்திரி மரத்தை வரைந்து வந்தான். கிளைகள் கோணல் மாணலாகத் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. வகுப்பு முழுவதும் பார்த்திருக்க, அதை அழித்து நேராக வரைந்து காட்டினேன். மாணவர்கள் வியந்தார்கள். அவன் மட்டும் தாளையே பார்த்துக்கொண்டு நின்றான். அதன்பின் அவன் எந்தப் படத்தையும் என்னிடம் காட்டியதில்லை என்பதை வெகுகாலம் நான் உணரவேயில்லை. முந்திரியின் கிளை மெய்யாகவே தரையைத் தொட்டு வளர்வதுதான் என்பதையும் அன்று நினைத்துப் பார்க்கவில்லை.

அவன் படித்தான், பொறியாளனானான், சிங்கப்பூரில் குடும்பத்தோடு வாழ்கிறான்.

2018 நவம்பர் 16 அன்று விடியுமுன் வேதாரண்யத்தின் அருகே கரையேறிய கஜா புயல், எங்கள் பகுதியையும் புரட்டிப்போட்டுவிட்டுச் சென்றது. தஞ்சாவூர் – புதுக்கோட்டைச் சாலையில் பயணம் செய்தவர்கள் ஆதனக்கோட்டையில் வறுத்த முந்திரிப் பருப்பு விற்கும் பெண்களை அறிந்திருப்பார்கள். அந்த முந்திரியும் பலாவும் தென்னையும் ஒரே இரவில் வேரோடு சாய்ந்து கிடந்தன. என் தந்தையார் நட்ட தோப்பில் நின்றவை மூன்றே மரங்கள்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு மகன் குடும்பத்தோடு வந்தான். தோப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அப்பா, இனி நட்டு, வளர்த்து, காய்ப்பதற்குள் உங்களுக்கு வயதாகிவிடும். நிலத்தைக் கொடுத்துவிட்டு அம்மாவோடு எங்களிடம் வந்துவிடுங்கள்" என்றான். அன்பினால் சொன்ன சொல் அது. எனக்கோ நெஞ்சு கொதித்தது. "மண்ணை விட்டு ஓடிப் பிழைக்கப் போனவனுக்கு மரத்தின் அருமை எப்படித் தெரியும்?" என்று கூறிவிட்டேன். அவன் பதில் பேசவில்லை. குறித்த நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகவே புறப்பட்டுவிட்டான். அதன்பின் தொலைபேசி அவன் தாய்க்கு வரும், எனக்கு வராது.

பேத்தி மட்டும் ஒரு பெட்டியை என் மேசையில் விட்டுச் சென்றிருந்தாள். அவள் பள்ளியில் சீனத் தூரிகை ஓவியம் பழகுகிறவள். சண்டைக்கு முந்திய நாள், மூங்கில் வரைவது எப்படி என்று எனக்குக் காட்டினாள். பழக்கத்தினால் என் கை அழிப்பானைத் தேடியது. ஒன்பது வயதுக் குழந்தை என்னைத் தடுத்து, "தாத்தா, அதை உள்ளே வையுங்கள். இதில் அழிக்க முடியாது" என்றாள்.

2020-இல் நோய்த்தொற்றின் ஊரடங்கு வந்து, வீட்டை விட்டு வெளியேற வழியில்லாதபோதுதான் அந்தப் பெட்டியைத் திறந்தேன்.

தூரிகை, மைக்கட்டி, மைக்கல், காகிதம் ஆகிய நான்கையும் சீனர்கள் எழுத்தறையின் நான்கு செல்வங்கள் என்று போற்றுகிறார்கள். பைன் மரத்தையோ எண்ணெயையோ எரித்துப் பிடித்த புகைக்கரியை விலங்குப் பசையோடு பிசைந்து உலர்த்தியதே மைக்கட்டி. ஆமணக்கெண்ணெய் விளக்கின்மேல் தட்டைக் கவிழ்த்து நம் பாட்டிமார் கண்மை பிடித்த முறைக்கு இது தொலைவான உறவு அன்று. காகிதம் அன்ஹுய் மாநிலத்துக் கைத்தொழில். ஒருவகை மரப்பட்டையும் வைக்கோலும் சேர்ந்தது. மை பட்டவுடன் உறிஞ்சிக்கொள்ளும்; தயங்கி நின்றால் தயக்கத்தையும் பதிந்துகொள்ளும். பேத்தி விட்டுச்சென்ற தாள் தீர்ந்ததும் புதுச்சேரிக் கைத்தாளை அஞ்சலட்டை அளவில் நறுக்கிக்கொண்டேன். அதில் மை அவ்வளவு விரைவாகப் பரவாது. கற்றுக்குட்டிக்கு அதுவே நல்லது.

தூரிகையைச் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். முதலில் நீர்த்த மையில் முழுவதும் தோய்த்து, பின்பு நுனியில் மட்டும் அடர்ந்த மையைத் தொட்டுக்கொண்டால், ஒரே இழுப்பில் கருமையும் சாம்பலும் சேர்ந்து இறங்கும். மூங்கில் தண்டைக் கீழிருந்து மேலாக இழுத்து, கணுதோறும் நிறுத்தி அழுத்தி, மீண்டும் இழுக்க வேண்டும். இலைக்கு அழுத்தித் தொடங்கி, நுனியில் காற்றைப்போல விட்டுவிட வேண்டும். அசைய வேண்டியது விரலன்று, தோளும் முழங்கையும். முதுமையால் நடுங்கும் என் விரல்களுக்கு அது பெரும் ஆறுதலாயிற்று. எனினும் முதல் மூன்று மாதங்களில் நான் வரைந்த மூங்கில்கள் கரும்புக் கட்டைகளாகவே இருந்தன.

எனக்கு மிகக் கடினமாக இருந்தது வேறொன்று. முன்பு மாணவர்களை நம் மாவட்டத்துச் சித்தன்னவாசலுக்கு அழைத்துச் செல்வேன். அங்குக் குகையின் விதானத்தில் ஏறத்தாழ 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தாமரைக் குளம் இருக்கிறது. பூவும் இலையும் மீனும் பறவையும் யானையும், இடமே மிச்சமின்றி நிறைந்த குளம் அது. சீன ஓவியரோ இடத்தை மிச்சம் வைக்கிறார். சி பாய்ஷி (1864–1957) என்னும் புகழ்பெற்ற ஓவியர் இறால்களை வரைவார், நீரை வரையமாட்டார். வெற்றுத்தாளே நீராகிவிடும். எல்லாவற்றையும் நானே நிரப்பவேண்டும், எல்லாவற்றையும் நானே சொல்லி முடிக்கவேண்டும் என்று வாழ்ந்தவனுக்கு இது புதிய பாடம்.

இக்கலை இந்திய மண்ணுக்கு எவ்வாறு வந்தது என்று நூல்களில் தேடினேன். 1924-இல் கவி இரவீந்திரநாத தாகூர் சீனம் சென்றபோது ஓவியர் நந்தலால் போஸையும் உடன் அழைத்துச் சென்றார். 1937-இல் சாந்திநிகேதனில் சீன பவனம் எழுந்தது. சிறிது காலத்திற்குப் பின் சீன ஓவியர் சு பெய்ஹோங் அங்கு வந்து தங்கி வரைந்தார். நந்தலால், நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் அஞ்சலட்டைகளில் மைச்சித்திரங்கள் தீட்டி அனுப்புவது வழக்கம். அவரிடம் பயின்றவருள் ஒருவர் கோவாவில் பிறந்த கத்தோலிக்கரான ஆஞ்செலோ தா பொன்சேகா (1902–1967). நீரில் கரைந்த மெல்லிய வண்ணங்களால் தேவமாதாவைச் சேலையுடுத்த இந்தியத் தாயாகத் தீட்டியவர் அவர். அதே காலத்தில் பீக்கிங் நகரில் சென் யுவாந்து என்ற ஓவியர், திருத்தந்தையின் பிரதிநிதியாக இருந்த பேராயர் கொஸ்தாந்தினியின் தூண்டுதலால், நற்செய்தி நிகழ்ச்சிகளைச் சீன மலைகளுக்கும் மூங்கில்களுக்கும் நடுவே பட்டில் தீட்டினார். 1932-இல் திருமுழுக்குப் பெற்றபோது அவர் ஏற்ற பெயர் லூக்கா. ஓவியர்களின் பாதுகாவலரும் புனித லூக்காவே அல்லவா!

நந்தலாலின் அஞ்சலட்டைகளைப் பற்றிப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. மகனுக்கு எத்தனையோ கடிதங்கள் எழுதத் தொடங்கிக் கிழித்திருந்தேன். ஒவ்வொன்றிலும் நான் சொன்ன சொல்லை அழிக்கவே முயன்றிருந்தேன். அதுதான் பிழை என்று இப்போது விளங்கிற்று. சொன்ன சொல் தாளில் விழுந்த மை. அழிக்கப் போனால் தாள் கிழியும். கோடு கோணினால் சீன ஓவியன் என்ன செய்வான்? அதைத் தாங்கிக்கொள்ளும்படி அடுத்த கோட்டை இழுப்பான். கோணல் மறையாது; ஆனால் அது கிளையாகிவிடும்.

2021 தொடக்கத்தில் ஒரு காலை தோப்புக்குப் போனேன். புயலில் சாய்ந்தும் பாதி வேர் மண்ணிலேயே நின்ற ஒரு முந்திரி, கிடந்தவாறே தளிர்த்திருந்தது. வீட்டிற்கு வந்து அதை வரைந்தேன். கிளைகள் கோணலாக, தரையைத் தொட்டுக்கொண்டு, மகன் அன்று வரைந்ததைப் போலவே. தளிர் இழுக்கும்போது கை நடுங்கி ஒரு சொட்டு மை விழுந்துவிட்டது. தாளை மாற்ற எண்ணி, பின்பு அப்படியே விட்டேன். அடியில், "நீ வரைந்ததே சரி. அப்பா" என்று மட்டும் எழுதி அஞ்சலில் சேர்த்தேன்.

மூன்று வாரங்கள் ஒன்றும் வரவில்லை. நாள்தோறும் அஞ்சல்காரரின் மிதிவண்டி எங்கள் வாசலைக் கடந்து போயிற்று. பின்பு ஒரு மாலை தொலைபேசி மணி அடித்தது. எடுத்த என் துணைவியார், ஒரு சொல்லும் பேசாமல் அதை என்னிடம் நீட்டினார்.

"அப்பா, அந்த மைச்சொட்டு என்ன?" என்றான் மகன்.

"கை நடுங்கிவிட்டது, தம்பி."

சற்று நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அவன், "அது விழுந்திருக்கும் பழம்போல இருக்கிறது அப்பா. இருக்கட்டும்" என்றான்.

நிலத்தைப் பற்றி நாங்கள் இன்னும் ஒத்த முடிவுக்கு வரவில்லை. அவன் கருத்து அவனுக்கு. என் கருத்து எனக்கு. ஆனால் மாதந்தோறும் ஒரு சிறு படம் இங்கிருந்து போகிறது. அங்கிருந்து பேத்தி வரைந்தது ஒன்று வருகிறது. சென்ற முறை வந்த உறையில் இரண்டு படங்கள் இருந்தன. இரண்டாவது பென்சிலால் வரைந்த ஒரு பசு. கால்கள் ஒன்றுக்கொன்று நீளம் ஒவ்வாதவை. கீழே என் மகனின் கையெழுத்து.

அதை மேசைமேல் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தேன். அழிப்பான் இருந்த இழுப்பறையை நான் திறக்கவில்லை.